எனார்மஸ்: மூலைமட்டத்துக்கு அடங்காதது

'எனார்மஸ்' என்றால் மிகப்பெரிய. இது எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தச் சொல்லுக்குள்ளே ஒரு தச்சுக் கருவி இருக்கு! லத்தீனில் 'நார்மா' என்றால் மூலைமட்டம். நாளடைவில் அதற்கு 'விதி' என்ற பொருளும் வந்தது. 'நார்மல்' பிறந்ததும் அங்கேதான். கணக்கில் செங்குத்துக் கோட்டை இன்றும் 'நார்மல்' என்கிறோம், இல்லையா?

முன்னால் நிற்கும் 'எ' என்றால் வெளியே. ஆக, எனார்மஸ் என்பது விதிக்கு வெளியே போனது. 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கொடிய குற்றத்தையும் அப்படிச் சொன்னாங்க. பிறகு அந்தக் கொடுமை உதிர்ந்து, அளவு மட்டும் நின்றது.

'எனார்மிட்டி'யில் மட்டும் கொடுமை இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அதனால் நன்றி சொல்ல 'எனார்மஸ் ஹெல்ப்' போதும். 'எனார்மிட்டி ஆஃப் யுவர் ஹெல்ப்' என்று எழுதினால், சிலருக்கு அது குற்றப்பத்திரிகை மாதிரி தெரியும்.