அத்தை எதையும் மெல்லவில்லை

இல்லைக்கா, உங்க அத்தை வாயில வெத்தலை எதையும் அடக்கி வைக்கலை. உதடு குவியறது, நாக்கு உள்ளுக்குள்ள புரள்றது, தாடை அசை போடறது எல்லாம் அவங்க வேணும்னு செய்யறதில்லை. தூங்கும்போது பாருங்க, பெரும்பாலும் நின்னுடும். வருஷக்கணக்கா போடற மனநோய் மாத்திரையோட பின்விளைவா இருக்கலாம். டாக்டருங்க டார்டிவ் டிஸ்கைனீசியான்னு சொல்வாங்க. டீயைக் குடிங்க, ஏடு கட்டுது. சொல்றேன்.

1952-ல பாரிஸ் செயின்ட் ஆன் ஆஸ்பத்திரியில டிலே, டெனிகர்னு ரெண்டு டாக்டருங்க, மனநோயாளிகளுக்கு குளோர்ப்ரோமசின் கொடுத்துப் பார்த்தாங்க. கொந்தளிச்சுக்கிட்டு இருந்தவங்க அடங்கி, பேச ஆரம்பிச்சாங்க. அந்த மருந்து செஞ்ச நல்லதை நான் குறைச்சுப் பேச மாட்டேன். அது வரலேன்னா எத்தனையோ பேர் ஆஸ்பத்திரிச் சுவருக்குள்ளயே ஆயுசைக் கழிச்சிருப்பாங்க. ஆனா 1957-லயே ஷோனெக்கர்ங்கற ஜெர்மன் டாக்டர், இந்த மருந்து சாப்பிட்டவங்களோட வாய் அசைவைக் கவனிச்சு எழுதிட்டார்.

எப்படி வருது? மூளையில டோபமின்னு ஒரு ரசாயனம் சேதி கொண்டுபோகுது. அதை வாங்கிக்கற இடத்தைத்தான் மாத்திரை அடைக்குது. வீட்டுல ஒருத்தர் வருஷக்கணக்கா முணுமுணுன்னே பேசினா நம்ம காது கூர்மையாயிடும் இல்லையா? அப்புறம் அவர் சாதாரணமா பேசினாலும் கத்தற மாதிரி இருக்கும். அப்படித்தான் வாங்கிக்கற இடம் அளவுக்கு மீறி கூர்மையாகி, சின்ன சேதிக்கே தசையை ஆட்டுதுன்னு சொல்றாங்க. இது மட்டுமே முழு விளக்கம் இல்லை. ஆனா "நரம்பு செத்துப்போச்சு"ன்னு ஊர்ல பேசறாங்களே, அது சரியில்லை.

ஹாலோபெரிடால் மாதிரி பழைய மருந்துல, வருஷத்துக்கு 100 பேர்ல சுமார் 5 பேருக்கு இது புதுசா வருது. வயசானவங்களுக்கு இன்னும் அதிகம். ரிஸ்பெரிடோன், ஓலன்சபைன் மாதிரி பிறகு வந்த மருந்துகள்ல குறைவு, ஆனா இல்லவே இல்லைன்னு கிடையாது. மாத்திரை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே கை நடுங்கறது, ஒரு இடத்துல உட்கார முடியாம தவிக்கறது எல்லாம் வேற சங்கதி.

இந்த வாய் அசைவுல இருக்கற வஞ்சகத்தைக் கேளுங்க. டோஸைக் கூட்டினா அசைவு கொஞ்ச நாள் அடங்கும், குறைச்சா கிளம்பும். அதைப் பார்த்துட்டு, மருந்து பத்தலைன்னு வீட்டுல முடிவு கட்டிடறாங்க. கை நடுக்கத்துக்குச் சேர்த்துக் கொடுக்கற ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரை இந்த வாய் அசைவை அதிகமாக்கவும் செய்யும். அதுக்காக எதையும் நீங்களா நிறுத்திடாதீங்கக்கா. திடீர்னு நிறுத்தினா அசைவும் கூடும், பழைய நோயும் திரும்பும். சீக்கிரம் கண்டுபிடிச்சா, டாக்டர் டோஸைக் குறைச்சோ மருந்தை மாத்தியோ பார்ப்பார். சிலருக்கு நல்லாவே குறையும், சிலருக்கு தங்கிடும். அசைவைக் குறைக்க டெட்ராபெனசின்னு ஒரு மருந்து உண்டு. அதே வழியில வேலை செய்யற வால்பெனசினுக்கு 2017-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது.

சோதனைக்கு ஸ்கேன் வேண்டாம், அஞ்சாறு நிமிஷம் போதும். நாற்காலியில உட்கார வைப்பாங்க, வாயைத் திறந்து நாக்கைக் காட்டச் சொல்வாங்க, கட்டைவிரலால மத்த விரலை ஒவ்வொண்ணா தட்டச் சொல்வாங்க. கவனம் விரலுக்குப் போனதும் நாக்கோட அசைவு வெளியே வந்துடும். வருஷக்கணக்கா மருந்து சாப்பிடறவங்களுக்கு இதை அப்பப்போ செய்யணும். கூட்டம் நிறைஞ்ச ஓ.பி.யில யார் செய்யறாங்க? நீங்கதான் கேட்டு வாங்கணும்.

டாக்டர்கிட்ட போகும்போது போன்ல ஒரு வீடியோ எடுத்துக்கோங்க. எல்லா மாத்திரைச் சீட்டையும் கொண்டுபோங்க, வாந்திக்குப் போடறதையும் சேர்த்து. மெட்டோகுளோப்ரமைடும் டோபமினைத்தான் அடைக்குது. அதை 12 வாரத்துக்கு மேல தொடர வேண்டாம்னு 2009-லயே அமெரிக்காவுல கடுமையா எச்சரிச்சாங்க.