முதல் மரமட்டை

அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் பிள்ளைகள் பெரும்பாலும் அலுமினிய மட்டையில்தான் தொடங்குகிறார்கள். பிறகு முதல் மரமட்டை வாங்கும்போது, "வளர்கிற பிள்ளைதானே" என்று ஓர் அளவு பெரிதாக வாங்கிவிடும் பெற்றோர் உண்டு. அது வேண்டாம். மட்டையை ஒரே கையால் பிடித்து, பக்கவாட்டில் நேராக நீட்டச் சொல்லுங்கள். அரை நிமிடத்துக்குள் கை தாழ்ந்தால் அந்த எடை பிள்ளைக்கு ஆகாது.

அடுத்து, மரம். ஆஷ் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அடிபட அடிபட ஏடு ஏடாகப் பெயரும். மேப்பிள் கெட்டி, ஆனால் உடைந்தால் கூரிய துண்டுகளாகப் பறக்கும். 2001இல் பேரி பாண்ட்ஸ் என்ற ஆட்டக்காரர் 73 ஹோம் ரன் அடித்தது மேப்பிள் மட்டையால்தான். அதற்குப் பிறகு அதன் மவுசு கூடியது. ஆஷ் மரங்களையோ, 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட ஒரு பச்சை வண்டு கோடிக்கணக்கில் அழித்துவிட்டது. பழகும் பிள்ளைக்கு, இவ்விரண்டுக்கும் நடுத்தரமான பர்ச் மரமே நல்லது.

கைப்பிடியில் மரத்தின் வரிகள் நேராக ஓடுகின்றனவா என்று உற்றுப் பாருங்கள். வரிகள் சாய்ந்து ஓடும் மட்டை சீக்கிரம் முறியும். தயாரிப்பாளரின் முத்திரை உள்ள பக்கம் பந்தில் படாமல் மேலே பார்த்திருக்க வேண்டும் என்பதை, பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.