ஊதிய உச்சவரம்பும் அணித்தலைவனும்

நம்மூர்க் கோயில் ஒன்றில் மகோற்சவம் நடைபெறுகின்றது என வைத்துக்கொள்வோம். பத்துத் திருவிழாக்கள், பத்து உபயகாரர். ஒருவரை ஒருவர் விஞ்சவேண்டும் என்னும் ஆவலால் ஒவ்வொருவரும் மேலும் மேலும் செலவிடுகின்றனர். பொருள் படைத்தவரின் திருவிழாவில் கூட்டம் அலைமோதுகின்றது. ஏனையோரின் திருவிழா களையிழந்து போகின்றது. இதனைக் கண்ட தருமகர்த்தா, எவரும் ஒரு திருவிழாவிற்கு ஐந்து இலட்சம் ரூபாவிற்கு மேல் செலவிடலாகாது என்று கட்டளை பிறப்பிக்கின்றார்.

அன்று தொட்டு உபயகாரருக்குப் புதிய கவலை ஒன்று தோன்றிவிடும். புகழ் பெற்ற நாதஸ்வர வித்துவான் ஒருவரை அழைத்தால் மூன்று இலட்சம் அவருக்கே போய்விடும். எஞ்சிய இரண்டு இலட்சத்தில் தவிற்காரர், சாத்துப்படி, சோடனை, மின்விளக்கு, பிரசாதம் அனைத்தும் நிறைவேற வேண்டும். முன்னரெனில், பணமுள்ளவர் வித்துவானையும் அழைப்பார். சோடனையையும் குறைவின்றிச் செய்வார். இப்பொழுதோ, வித்துவானுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவும் தவிற்காரரிடமிருந்தும் சோடனைகாரரிடமிருந்தும் எடுக்கப்படும் ரூபாவாகும்.

தொழில்முறை விளையாட்டு அணிகளை நடத்துவோர் இன்று எதிர்நோக்கும் சிக்கலும் இதுவே. இதனை ஊதிய உச்சவரம்பு என்பர். உச்சவரம்பு என்னும் சொல் நமக்குப் புதியதன்று. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வயல் நிலத்தை 25 ஏக்கர் என்றும், மேட்டு நிலத்தை 50 ஏக்கர் என்றும் வரையறுத்தது. அதுபோலவே, ஓர் அணி தன் வீரர்க்கெல்லாம் சேர்த்து ஒரு பருவத்திற்கு இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று போட்டியை நடத்தும் சபை வரையறுத்து விடுகின்றது. செல்வந்தர் ஒருவரே சிறந்த வீரர் அனைவரையும் வாங்கிக்கொண்டால் போட்டியின் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும். முடிவு தெரிந்த ஆட்டத்தைப் பார்க்க எவரும் வாரார். இதுவே அவ்விதியின் காரணம்.

இம்முறை மிகக் கண்டிப்பாகக் கையாளப்படும் இடங்களுள் ஒன்று அமெரிக்க உதைபந்தாட்டமாகும். பெயர் உதைபந்தாயினும் பெரும்பாலும் பந்தைக் கையிலேந்தி ஆடும் ஆட்டம் அது. அங்கே 1994ஆம் ஆண்டு உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டில் 3 கோடி 46 இலட்சம் டொலராக இருந்த வரம்பு, 2024இல் 25 கோடி 54 இலட்சம் டொலராக உயர்ந்தது. அந்த ஆட்டத்தில் குவாட்டர்பாக் எனப்படும் வீரர் ஒருவர் உண்டு. தாக்கும் அணியின் முயற்சிகளுள் ஏறக்குறைய ஒவ்வொன்றும் அவர் கையிற் பந்து வந்து சேர்வதிலேயே தொடங்கும். பந்தை எறிவதா, பிறரிடம் கொடுப்பதா, தானே கொண்டோடுவதா என்பதை ஓரிரு விநாடிகளுள் முடிவு செய்ய வேண்டியவர் அவர். எனவே அணியின் ஊதியத்தில் மிகப் பெரிய பங்கு பெரும்பாலும் அவருக்கே உரியதாகின்றது.

ஆனால் ஓர் அணியில் 53 பேர் உளர். ஒருவருக்கு எவ்வளவு கொடுப்பது, எஞ்சிய 52 பேருக்கு எவ்வளவு வைப்பது என்பதே அங்குள்ள ஓயாத வினா. சியாற்றில் நகரத்து அணி 2012இல் ரசல் வில்சன் என்னும் இளைஞரை, புதியவர்களைத் தெரிவு செய்யும் மூன்றாம் சுற்றிலே எடுத்தது. அடுத்த பருவத்தில் உச்சவரம்பு 12 கோடி 30 இலட்சம் டொலர். அதில் அவருக்கெனக் கணக்கிடப்பட்ட தொகை 7 இலட்சம் டொலருக்கும் குறைவு. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தலைமகனிடம் மிச்சம் பிடித்த பணத்தால் வலுவானதொரு தற்காப்பு வரிசையை வைத்திருந்த அவ்வணி, 2014 பெப்ரவரியில் இறுதிப் போட்டியில் வென்றது. 2015இல் வில்சனுக்கு நான்காண்டு நீடிப்பாக 8 கோடி 76 இலட்சம் டொலர் வழங்க உடன்பட்டது. அதன்பின் அவரைக் கொண்டு அவ்வணி மறுமுறை அவ்வெற்றியை அடையவில்லை.

இதிலிருந்து, பெரியவருக்குப் பெருந்தொகை கொடுத்தல் தவறு என்று முடிவு கட்டிவிடலாகாது. கன்சாஸ் நகர அணி 2020இல் பற்றிக் மகோம்ஸ் என்பவருடன் பத்தாண்டுகளுக்கு 45 கோடி டொலர் பெறுமதியான ஒப்பந்தம் செய்தது. அதற்குப் பின்னரும் 2023இலும் 2024இலும் அதுவே வென்றது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, அவருக்கு விலை என்ன என்பதன்று. அவ்விலையைக் கொடுத்த பின்பு எஞ்சிய இடங்களைக் குறைந்த ஊதியம் பெறும் திறமையாளரால் நிரப்ப இயலுமா என்பதேயாகும்.

இனி நமக்கு அண்மையில் உள்ள சென்னைக்கு வருவோம். இந்தியப் பிரீமியர் லீக் போட்டிக்காக 2008இல் முதல் ஏலம் நடைபெற்றபோது ஒவ்வோர் அணிக்கும் 50 இலட்சம் டொலர் வரம்பாக விதிக்கப்பட்டது. மும்பைக்குச் சச்சின் டெண்டுல்கர், கொல்கத்தாவிற்குச் சௌரவ் கங்குலி என்றவாறு ஐந்து நகரங்களுக்கு அடையாள வீரர் ஒருவர் முன்னரே ஒதுக்கப்பட்டிருந்தார். அவ்வணி ஏலத்தில் அதிக விலை கொடுத்து வாங்கும் வீரரைக் காட்டிலும் அடையாள வீரருக்கு நூற்றுக்குப் பதினைந்து கூட்டிக் கொடுத்தல் வேண்டும். சென்னைக்கோ அடையாள வீரர் எவரும் இலர். முதலில் இது குறையாகத் தோன்றலாம். உண்மையில் அது பெரியதொரு வசதியாயிற்று.

கணக்கைப் பாருங்கள். சென்னை அணி மகேந்திரசிங் தோனியை 15 இலட்சம் டொலருக்கு வாங்கியது. அதே விலைக்கு மும்பை அவரை வாங்கியிருப்பின், சச்சினுக்கு 17 இலட்சத்து 25 ஆயிரம் கொடுத்திருக்க வேண்டும். இருவருக்கு மட்டும் 32 இலட்சத்து 25 ஆயிரம் போய்விடும். ஓர் அணிக்கு வேண்டிய மற்றவர் அனைவரையும் 18 இலட்சத்திற்குள் தேடுவதென்பது எளிதோ? சென்னைக்கு அத்தொல்லை இல்லை. தோனிக்குப் பத்தில் மூன்று பங்கைக் கொடுத்தும் 35 இலட்சம் கையில் இருந்தது.

எனினும் அவ்வாண்டு யூன் 1ஆந் திகதி நடந்த இறுதியாட்டத்தில் சென்னையை வென்ற ராஜஸ்தான் அணி, எட்டு அணிகளுள்ளும் ஏலத்தில் மிகக் குறைவாகச் செலவிட்ட அணியாகும். அதன் தலைவர் ஷேன் வோர்னின் விலை 4 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். போட்டியின் சிறந்த வீரராகத் தெரிவான ஷேன் வொட்சன் 1 இலட்சத்து 25 ஆயிரத்திற்கு வாங்கப்பட்டவர். ஒருவர்மீது பெருந்தொகை வைப்பது ஒரு வழி. பலரைக் குறைந்த விலைக்குத் தேர்ந்தெடுத்து அவர்களை நடத்தத்தக்க தலைவரை அமைப்பது மற்றொரு வழி. முதல் வழியை நாடிய சென்னையும் பின்னர் 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்து ஆண்டுகளிற் கிண்ணத்தை வென்றது.

ஆனால் தலைமகனுக்கும் வயதாகும். 2022ஆம் ஆண்டுப் போட்டிக்கு முன்னர், வரம்பு 90 கோடி இந்திய ரூபாவாக இருந்தபோது, சென்னை அணி ரவீந்திர ஜடேஜாவிற்கு 16 கோடி, தோனிக்கு 12 கோடி, மொயின் அலிக்கு 8 கோடி, ருதுராஜ் கெய்க்வாட்டிற்கு 6 கோடி என 42 கோடியை நால்வருக்கு ஒதுக்கியது. தலைமையும் ஜடேஜாவிடம் ஒப்படைக்கப்பட்டது. எட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றிகள். ஏப்ரில் 30ஆந் திகதி தலைமை மீண்டும் தோனியிடமே வந்து சேர்ந்தது. அதிக ஊதியம் பெறுபவர் எவரோ அவரே தலைமைக்குரியவர் என்பது பொருந்தாத கணக்கென்று அந்நிகழ்ச்சி காட்டிற்று.

2025ஆம் ஆண்டிற்கு வரம்பு 120 கோடியாக உயர்ந்தது. சர்வதேச ஆட்டத்தை விட்டு ஐந்தாண்டுகள் கழிந்த இந்திய வீரரை, நாட்டிற்காக ஆடாத வீரர் வரிசையிற் சேர்த்துக்கொள்ளலாம் என்றொரு விதியும் வந்தது. அதன்படி தோனிக்கு 4 கோடி மட்டுமே கணக்கிடப்பட்டது. 2008இல் வரம்பிற் பத்தில் மூன்று பங்காயிருந்தவர், 2025இல் முப்பதில் ஒரு பங்கானார். ஆயினும் காயத்தினால் ருதுராஜ் விலகவே, தலைமை மறுபடியும் தோனியிடம் சென்றது. அணி பத்தாம் இடத்தில், அஃதாவது இறுதியிடத்தில், முடிந்தது. பணத்தை மிச்சம் பிடித்தல் வேறு. அடுத்தவரை ஆயத்தம் செய்தல் வேறு.

இவ்விரண்டையும் மனத்திற் கொண்டு நம் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணியை நோக்குவோம். லங்கா பிரீமியர் லீக் போட்டி 2020 நவம்பரில், பெருந்தொற்றுக் காலத்தில், அம்பாந்தோட்டையிலே தொடங்கியது. ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் என்னும் பெயருடன் களமிறங்கிய அணி, திசர பெரேராவின் தலைமையில் முதலாம் கிண்ணத்தை வென்றது. பின்னர் ஜஃப்னா கிங்ஸ் எனப் பெயர் மாறி 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. முதல் ஐந்து பருவங்களில் நான்கு வெற்றிகள்!

2023இல் அப்போட்டிக்கு முதன்முறையாக ஏலம் நடைபெற்றது. ஓர் அணிக்குரிய மொத்த வரம்பு 5 இலட்சம் டொலர். யாழ்ப்பாண அணி வேகப்பந்து வீச்சாளர் தில்ஷான் மதுஷங்கவை 92 ஆயிரம் டொலருக்கும், துடுப்பாட்டக்காரர் சரித் அசலங்கவை 80 ஆயிரம் டொலருக்கும் வாங்கியது. இருவருக்குமாக மூன்றில் ஒரு பங்கிற்கும் சற்றுக் கூடுதலாகச் சென்றது. அவ்வாண்டு கிண்ணம் கண்டி அணிக்குப் போயிற்று. ஆனால் மறு ஆண்டில் அதே அசலங்கவைத் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண அணி வென்றது. பெருவிலை கொடுத்தவரைப் பொறுமையோடு வைத்திருந்தமை வீண்போகவில்லை எனலாம்.

ஆயினும் நமக்கு இவ்வெற்றிகளிலும் பெரியதொரு செய்தி உண்டு. 2020 டிசெம்பர் 4ஆந் திகதி, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற பதினெட்டு வயது இளைஞர் விஜயகாந்த் வியாஸ்காந்த், தமது ஊரின் பெயரைத் தாங்கிய அணிக்காக முதன்முறையாகப் பந்து வீசினார். அவர் வீழ்த்திய முதல் விக்கெட், இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்தியூசினுடையது. 2022ஆம் ஆண்டுப் போட்டியில் அவர் 13 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

2024இல் ஐதராபாத் அணி 1 கோடி 50 இலட்சம் இந்திய ரூபாவிற்கு எடுத்திருந்த வனிந்து ஹசரங்க காயமுற்று விலகினார். அவருக்குப் பதிலாக 50 இலட்சத்திற்கு வியாஸ்காந்தை அவ்வணி அழைத்தது. மூன்றில் ஒரு பங்கு விலை! இரக்கங் காரணமாகவோ, வடக்கிற்கு ஒரு வாய்ப்பளிக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தாலோ அவ்வணி அவரை அழைக்கவில்லை. காலுக்குள் திரும்பும் பந்தையும் வெளியே திரும்பும் பந்தையும் வீசத்தக்க சுழற்பந்து வீச்சாளர் ஒருவர், தன் வரம்பிற்கு அடங்கிய விலையில் அதற்குத் தேவைப்பட்டார்.

உச்சவரம்பு நமக்குச் சொல்லும் பாடம் இதில்தான் அடங்கியுள்ளது. வரம்பிற்குள் இயங்கும் எந்த அணிக்கும், பெருவிலையுள்ள தலைவர் ஒருவருக்குத் துணையாகக் குறைந்த ஊதியத்திற் கிடைக்கும் இளந்திறமையாளர் பலர் வேண்டும். அத்தகையோர் ஏலக் கூடத்தில் உருவாவதில்லை. பள்ளிக்கூட மைதானங்களிலே உருவாகின்றனர். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் வடக்கின் பெருஞ்சமரைக் காணத் திரளும் கூட்டத்தை நாம் அறிவோம். அந்தப் பதினெட்டு வயதினருள் எத்தனை பேருக்கு அவ்வாட்டத்திற்குப் பின் நல்லதொரு ஆடுகளமும் பயிற்சியாளரும் கிடைக்கின்றனர் என்பதே கேள்வி. அவ்வைந்து பருவங்களில் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாண மண்ணில் நடைபெறவில்லை. மண்டைதீவில் சர்வதேச மைதானம் ஒன்றிற்கான வேலை 2025 செப்டெம்பரிலேதான் தொடங்கப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உச்சவரம்பு போட்டியைச் சமன் செய்கின்றது என்பது மெய்யே. ஆனால் அதன் சுமை எவர் தோளில் ஏறுகின்றது? பெருவீரரின் ஊதியம் எளிதிற் குறைவதில்லை. உரிமையாளரின் செலவுக்கோ வரம்பு காவலாய் நிற்கின்றது. இடையில் நிற்பவர் இளைஞரே. மலிவாகக் கிடைக்கின்றார் என்பதற்காகவே அவர் சேர்க்கப்படுகின்றார். இன்னொருவர் அதனினும் மலிவாகக் கிடைத்தால் நீக்கவும் படலாம். ஊரின் பெயரைச் சட்டையில் அணிந்துகொண்டு, ஆட்டம் முழுவதும் களத்திற்கு வெளியே அமர்ந்திருக்கும் இளைஞருக்கு நாம் கைதட்டுவது மட்டும் போதாது. அவருக்குப் பந்து கொடுக்கப்படுகின்றதா என்று பார்ப்பதும், கொடுக்கப்படும் நாளில் அவர் அதற்கு ஆயத்தமாய் இருக்குமாறு செய்வதும் நம் கடமையாகும்.

தொடக்கத்திற் கூறிய உபயகாரரிடமே மீண்டும் செல்வோம். வரம்பு வந்தபின் அவருட் புத்திசாலி என்ன செய்வார்? வித்துவானையும் அழைப்பார், அவருக்குப் பக்கத்தில் நம்மூர்ப் பையன் ஒருவனைத் தவிலுடன் இருத்துவார். செலவும் அடங்கும். பையனும் பெரியவரோடு வாசித்துப் பழகுவான். சில ஆண்டுகளில் அவன் பெயரைக் கேட்டே கூட்டம் சேரவுங் கூடும். ஆனால் அதற்கு, அவன் சிறுவனாய் இருக்கையிலேயே எவரோ ஒருவர் அவனுக்குத் தவில் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.