துணி பிழியும் உருளைப் பொறி
இங்கிலாந்து, விக்டோரியா அரசி காலம் (1837–1901)
வார்ப்பிரும்பு, மரம்

கைப்பிடியைச் சுழற்றினால் பற்சக்கரங்கள் இரண்டு மர உருளைகளையும் எதிரெதிராகச் சுழற்றும். இடையே நுழையும் ஈரத்துணி நீர் வடிந்து, சுருக்கம் குறைந்து வெளிவரும். மேலேயுள்ள திருகு, அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவியது.

பெரும்பாலான வீடுகளில் திங்கட்கிழமைதான் துவைக்கும் நாள். பெண்கள் விடியுமுன்பே நீர் சுமந்து, அடுப்பு மூட்டி, செப்புக் கொப்பரையில் துணிகளைக் கொதிக்கவைத்தனர். 1853இல் வரி நீங்கும்வரை சோப்பும் விலை கூடியதாகவே இருந்தது. கனத்த படுக்கை விரிப்பைக் கையால் முறுக்கிப் பிழிந்தவர்களுக்கு இந்தப் பொறியின் அருமை புரியும். ஏழைக் கைம்பெண்கள் சிலர், அண்டை வீட்டுத் துணிகளை இதில் பிழிந்து கொடுத்துக் கூலி பெற்றே குடும்பத்தைக் காத்தனர்.

குழந்தைகள் பெரியவர் துணையோடு கைப்பிடியைச் சுழற்றிப் பார்க்கலாம். உருளைகளுக்கு அருகே விரல்களைக் கொண்டுசெல்ல வேண்டாம்.