பாலிஷா... வாக்ஸா? பளபளப்புக்குப் பின்னால ஒரு கணக்கு இருக்கு பாஸ்!

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கோயம்புத்தூரை ஒரு ரவுண்டு வந்து பாருங்க. கணபதியில பட்டறை லேத்துக்குக் குளியல், சிங்காநல்லூர்ல லாரிக்குக் குளியல், உங்க வீட்டு போர்ட்டிகோவுல அப்பாவோட காருக்குக் குளியல். பேண்ட்டை முழங்கால் வரைக்கும் மடிச்சு விட்டுக்கிட்டு, கையில ஹோஸ் பைப்போட நிக்கிறது யாரு? சாட்சாத் நீங்கதான்!

கழுவி முடிச்சதும் அடுத்த வேலை, ஆட்டோமொபைல் கடைக்கு ஓடுறது. "அண்ணா, கார் பளபளன்னு ஆகோணும். எதுங்ணா நல்லது?" அலமாரியில ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ், சீலன்ட்னு வரிசையா டப்பா. எல்லா டப்பா மேலயும் முகம் பார்க்கிற அளவுக்கு மின்னுற ஒரு கார் படம். "எல்லாமே ஒண்ணுதானே"ன்னு பாக்கெட் மணிக்குக் கட்டுப்படியாகிற ஒண்ணை எடுத்துட்டு வந்துடுவோம்.

அங்கேதான் சிக்கல். அந்த டப்பாக்கள்ல பாதி உங்க கார் பெயிண்டைக் காப்பாத்தும். மீதி பாதி அதைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னும். எது எதுன்னு தெரிஞ்சுக்க, வாங்க, காங்கேயம் வரைக்கும் போயிட்டு வரலாம்.

ரைஸ் மில்லும் எண்ணெய் செக்கும்

காங்கேயம்னா காளை மட்டும் இல்லீங்க. ரைஸ் மில்லுக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பேர் போன ஊரு. நம்ம கார் சமாச்சாரம் மொத்தமும் இந்த ரெண்டு தொழில்லயே அடங்கியிருக்கு.

மில்லுல அரிசிக்கு பாலிஷ் போடுறாங்களே, என்ன பண்றாங்க? எதையாவது பூசுறாங்களா? இல்லை. மேல இருக்கிற தவிட்டை உரசி எடுக்கிறாங்க. உரசுனதும் அரிசி வெள்ளை வெளேர்னு மின்னுது. போன தவிடு போனதுதான். கார் பாலிஷும் அப்படியே! அதுல கண்ணுக்குத் தெரியாத உரசும் துகள்கள் இருக்கு. கீறல் விழுந்த மேல்பரப்பைச் சீவி எடுத்துச் சமமாக்கும்.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிறோமே, அது பூச்சு. முடியைக் குறைக்காது. மேல படர்ந்து மினுக்கும், சில நாள்ல போயிடும், திரும்ப வெச்சுக்கலாம். வாக்ஸும் சீலன்ட்டும் இந்தக் கட்சி.

பாலிஷ் எடுக்கும், வாக்ஸ் பூசும். இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டாலே பாதிப் பாடம் முடிஞ்சுது.

ஒரு ஜெராக்ஸ் பேப்பர் தடிமன்

இப்போ வர்ற கார்கள்ல இரும்புத் தகடு மேல பிரைமர், அதுக்கு மேல கலர், எல்லாத்துக்கும் மேல கிளியர் கோட்னு ஒரு நிறமில்லாத படலம். எல்லாம் சேர்த்தாலே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதாவது ஒரு ஜெராக்ஸ் பேப்பர், மிஞ்சிப் போனா ஒண்ணரை பேப்பர் தடிமன்! அதுல கிளியர் கோட் மட்டும் சுமார் 40, 50 மைக்ரான். உங்க தலைமுடியை விட மெல்லிசு.

வெயில்ல வர்ற புற ஊதாக் கதிரைத் தடுத்து கலரைக் காப்பாத்துறது இந்தப் படலம்தான். மெஷின் வெச்சு காம்பவுண்ட் போட்டா, ஒரு தடவைக்குச் சில மைக்ரான் போயிடும். பேங்க் அக்கவுண்ட் மாதிரி நினைச்சுக்கோங்க. எடுக்க மட்டும்தான் முடியும், டெபாசிட் பண்ண வழியே இல்லை. வருஷா வருஷம் பூஜைக்கு "ஒரு பாலிஷ் போட்டுருலாமுங்க"ன்னு எடுத்துக்கிட்டே இருந்தா, ஒரு நாள் கூரையிலயும் பானெட்லயும் படலம் கருவாடு மாதிரி உரிய ஆரம்பிக்கும். அதுக்கு அப்புறம் எந்த டப்பாவும் உதவாது. ரீபெயிண்ட்தான்!

தாத்தா காலத்து அம்பாசடர் கதை வேற. பெரும்பாலும் தனியா கிளியர் கோட் கிடையாது, மேல இருக்கிறதே கலர்தான். அதனால பாலிஷ் போட்டா துணியில கலர் ஒட்டும், பயப்பட வேண்டியதில்லை. அவிநாசி ரோட்டுல 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போயிருக்கீங்களா? அங்கே நிக்கிறதுல பல கார்கள், கிளியர் கோட் பரவலாகுறதுக்கு முந்தின காலத்தைச் சேர்ந்தவை.

மூணு பேரோட ஜாதகம்

பாலிஷ்: பளபளப்புன்னா வெளிச்சம் சமமான பரப்புல பட்டு நேரா திரும்புறது. கீறல் இருந்தா வெளிச்சம் சிதறி, பெயிண்ட் மங்கலாத் தெரியும். கீறலைச் சமமாக்குறதால, உண்மையான பளபளப்பு வர்றது பாலிஷ்லதான். ஆனா பாதுகாப்பு? சைபர்! போட்டுட்டு மேல எதுவும் பூசாம விட்டா, ஷேவிங் பண்ணிட்டு வெயில்ல நிக்கிற மாதிரி.

வாக்ஸ்: இதுல ராஜா, கார்னாபா. பிரேசில் நாட்டு வடகிழக்குல வளர்ற ஒரு பனை இனத்தோட ஓலையில இருந்து எடுக்கிற மெழுகு. நம்ம பனைக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு வெச்சுக்கோங்க. சுமார் 82 டிகிரி செல்சியஸ்லதான் உருகும். அதனாலதான் கார்மேல நிக்குது. பளபளன்னு இருக்கிற சில மிட்டாய் கவர்ல 903-ங்கிற எண் போட்டிருந்தா, அதுவும் இதே மெழுகுதான்! கருப்பு, சிவப்பு கார்ல ஈரமா இருக்கிற மாதிரி ஒரு ஆழமான மினுக்கு கொடுக்கும். ஆயுசுதான் கம்மி. நம்ம வெயிலுக்கு ஒரு மாசம், ரெண்டு மாசம்.

சீலன்ட்: லேப்ல தயாரான பாலிமர். வாக்ஸ் அளவுக்கு ஆழமான மினுக்கு இல்லை, கண்ணாடி மாதிரி பளிச்னு இருக்கும். வெள்ளை, சில்வர் காருக்கு அம்சம். நாலு முதல் ஆறு மாசம் வரைக்கும் தாங்கும். ஹாஸ்டல்ல இருந்துக்கிட்டு செமஸ்டர் லீவுக்கு மட்டும் வீட்டுக்கு வர்ற ஆளா நீங்க? கண்ணை மூடிக்கிட்டு இதை வாங்குங்க.

ஒரு எச்சரிக்கை. நம்ம ஊர்ல எல்லா டப்பாவையும் 'பாலிஷ்'னுதான் கூப்பிடுவாங்க. டப்பாவைத் திருப்பிப் படிங்க. 'காம்பவுண்ட்', 'கீறல் நீக்கும்', 'கிளீனர் வாக்ஸ்'னு இருந்தா அதுல உரசும் துகள் இருக்க வாய்ப்பு அதிகம். மாசாமாசம் போடுற சமாச்சாரம் இல்லை அது.

9எச்-னா என்னாங்ணா?

இப்போ மெயின் ரோட்டுக்கு ரெண்டு டீட்டெய்லிங் ஸ்டுடியோ. "செராமிக் கோட்டிங் போட்டா 9எச் கெட்டி, கீறலே விழாது"ன்னு சொல்லி ஐந்து இலக்கத்துல பில் நீட்டுவாங்க. இன்ஜினீயரிங் டிராயிங் படிச்சவங்களுக்கு எச், 2எச் தெரியும்தானே? பென்சில் கெட்டித்தனம்! இந்த 9எச்-சும் அதே பென்சில் கணக்குதான். 9எச் பென்சிலால அழுத்திக் கீறினா தாங்கும்னு அர்த்தம். வைரம் 10 வாங்குற மோஸ் அளவுகோலுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. சாவியால கோடு போட்டா கோடு விழத்தான் செய்யும்.

செராமிக் டுபாக்கூர் இல்லை. தண்ணி ஒட்டாது, அழுக்கு சீக்கிரம் போகும், ஒழுங்கா போட்டா வருஷக்கணக்குல தாங்கும். புது காருக்குக் கணக்குப் பண்ணிப் பார்க்கலாம். பத்து வருஷ மாருதிக்குப் போடலாமான்னு, காரோட இன்றைய விலையையும் கோட்டிங் பில்லையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. பதில் தானா வரும்.

வாங்குறதுக்கு முன்னாடி நாலு டெஸ்ட்

1. தண்ணி டெஸ்ட்: கழுவின கார்ல தண்ணி தெளிங்க. தாமரை இலை மாதிரி உருண்டு ஓடினா பூச்சு உயிரோட இருக்கு. அப்படியே படர்ந்து நின்னா பூச்சு போயிடுச்சு. வாக்ஸோ சீலன்ட்டோ போதும்.

2. கவர் டெஸ்ட்: கையில மெல்லிசான பாலிதீன் கவரை மாட்டிக்கிட்டு பெயிண்டைத் தடவுங்க. சொரசொரன்னு இருந்தா ஃபவுண்டரித் தூசி, தார், மரப்பிசின் ஒட்டியிருக்குன்னு அர்த்தம். இதுக்கு கிளே பார்னு களிமண் மாதிரி ஒண்ணு கிடைக்குது. சோப்புத் தண்ணி தெளிச்சு வழவழப்பாக்கிட்டு லேசா தேய்ச்சா எல்லாம் வந்துடும்.

3. டார்ச் டெஸ்ட்: ராத்திரியில செல்போன் லைட்டை அடிங்க. சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டக் கோடு தெரிஞ்சா, அப்போ மட்டும் பாலிஷ் பற்றி யோசிங்க.

4. நகம் டெஸ்ட்: கீறல் மேல நகத்தை ஓட்டுங்க. நகம் மாட்டினா கீறல் ஆழம். பாலிஷ் போட்டு அதைத் துரத்தாதீங்க, படலம் தீர்ந்துடும். டச்சப் பெயிண்ட்தான் வழி.

நம்ம ஊர் வில்லன்கள்

போர் தண்ணி: சிறுவாணித் தண்ணி பெருமையை நாம பேசாத நாளில்லை. கார் கழுவுறது என்னவோ போர் தண்ணியில! அதுல இருக்கிற கால்சியம், மக்னீசியம் வெயில்ல காய்ஞ்சா வெள்ளை வட்டமா படியும். பூச்சு இல்லாத பெயிண்ட்ல அது பதிஞ்சே போயிடும். காலையில, நிழல்ல கழுவி, காயுறதுக்குள்ள துடைச்சிடுங்க.

பனியன் வேஸ்ட்: திருப்பூர் பக்கத்துல இருக்கு, கிலோ கணக்குல கிடைக்குது, சரி. கிரீஸ் துடைக்க அதுக்கு ஈடில்லை. பெயிண்டுக்கு மட்டும் வேண்டாம். தட்டையான துணி மண்ணை உள்ளே வாங்காம பெயிண்ட் மேலயே இழுத்துக்கிட்டுப் போகும். தையலும் சேர்ந்து உரசும். அந்தச் சிலந்தி வலைக் கோடு பாதி இப்படி வந்ததுதான். குச்சம் வெச்ச மைக்ரோஃபைபர் துணி ரெண்டு வாங்குங்க. கீழே விழுந்த துணியை அலசாம திரும்பத் தொடாதீங்க.

பாத்திரம் கழுவுற சோப்பு: எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறது அதோட வேலை. போன வாரம் கஷ்டப்பட்டுப் போட்ட வாக்ஸையும் கரைச்சு எடுத்துட்டுப் போயிடும். கார் ஷாம்பு வாங்குங்க.

மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய்: அன்னிக்கு சாயங்காலம் மின்னும். மறுநாள் பல்லடம் ரோட்டுத் தூசி அத்தனையும் அதுமேலதான்.

மஞ்சள், குங்குமம், சந்தனம்: பூஜைக்கு வெச்சே ஆகணும், அம்மாகிட்ட வம்பு பண்ணாதீங்க! பொட்டை நம்பர் பிளேட்லயோ கண்ணாடியிலயோ வைக்கச் சொல்லுங்க. பானெட்ல வெச்சா அன்னிக்கே ஈரத் துணியால எடுத்துடுங்க. காக்கா, மைனா எச்சத்துக்கும் இதே சட்டம். அது அமிலம். வெயில்ல ஒரு மத்தியானம் விட்டாலே தழும்பு விழும்.

வரிசை முக்கியம் மக்களே!

கழுவு, தேவைன்னா கிளே, தேவைன்னா பாலிஷ், கடைசியா சீலன்ட் அல்லது வாக்ஸ். ரெண்டும் வேணும்னா சீலன்ட் முதல்ல, அது காய்ஞ்சு பிடிச்சதுக்கு அப்புறம் மேல வாக்ஸ். மாத்திப் போட்டா மெழுகு மேல பாலிமர் ஒட்டாது. அளவும் முக்கியம். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுற மாதிரி மெல்லிசா போடுங்க. அப்பினா மினுக்கு கூடாது, துடைக்கிற கைதான் வலிக்கும்.

பைக் பார்ட்டிகளுக்கு ஒரு வார்த்தை. உங்க வண்டி மேட் ஃபினிஷா? பாலிஷ், சாதா வாக்ஸ் ரெண்டும் வேண்டவே வேண்டாம். மேட் பரப்பு வேணும்னே வெளிச்சத்தைச் சிதற விடுற மாதிரி செஞ்சது. உரசினா அங்கங்கே பளபளன்னு திட்டு விழும், அதைத் திரும்ப மேட் ஆக்க முடியாது. மேட்டுக்குன்னே தனி கிளீனர் இருக்கு.

கடைசியா ஒரு கேள்வி

நரேன் கார்த்திகேயனோட ஊரு, செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊரு இது. வண்டி விஷயத்துல நம்மாளுங்க கண்ணு ரொம்பக் கூர்மை. செகண்ட் ஹேண்ட் கார் வாங்க வர்றவர் என்ஜினைத் திறக்கிறதுக்கு முன்னாடியே காரைச் சுத்தி ஒரு நடை நடப்பார். அப்புறம் கேட்பார், "ஒரிஜினல் பெயிண்டுங்களா தம்பி?"

ரீபெயிண்ட்னு சொன்னா, ஆக்சிடென்ட் வண்டியோன்னு அவர் முகம் மாறும், விலையும் இறங்கும். இப்போ சில டீலர்கள் பெயிண்ட் தடிமனை அளக்கிற கருவியையே கையில வெச்சிருக்காங்க. பொய் சொல்லித் தப்பிக்க முடியாது.

அந்த 40 மைக்ரானுக்கு அப்போதான் மதிப்பு தெரியும். இந்தப் பூஜைக்கு எந்த டப்பாவை எடுக்கப் போறீங்கங்கிறது, அஞ்சு வருஷம் கழிச்சு அந்தக் கேள்விக்கு உங்க அப்பா "ஆமாங்க"ன்னு தைரியமா சொல்றாரா, தரையைப் பார்க்கிறாராங்கிறதை முடிவு பண்ணும்.

டார்ச்சை எடுங்க பாஸ், முதல்ல டெஸ்ட்டை முடிங்க. கடைக்கு அப்புறம் போகலாம்!