ஓ’பிரையன்: பெயருக்குள் ஒரு தாத்தா

வானொலியில் பெயர்களை வாசிப்பது என் அன்றாட வேலை. வெளிநாட்டுப் பெயர் வந்தால் உச்சரிப்பைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் ஒலிவாங்கியைத் திறப்பேன். அப்படித் தேடியதில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்த பெயர் ஓ’பிரையன். நகைச்சுவையாளர் கோனன் ஓ’பிரையன், அயர்லாந்து எழுத்தாளர் எட்னா ஓ’பிரையன் என நமக்குப் பழக்கமான பெயர்தான்.

முன்னால் நிற்கும் ‘ஓ’, ‘ஆஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் என்று பலர் நினைப்பதுண்டு. அது சரியல்ல. ஐரிஷ் மொழியில் ‘ஓ’ என்றால் பேரன், வழித்தோன்றல். ‘மேக்’ என்றால் மகன். ஆக, ஓ’பிரையன் என்பவர் பிரையனின் பேரன்.

எந்தப் பிரையன்? அயர்லாந்தின் தலைமை மன்னராக உயர்ந்த பிரையன் போரு. 1014 ஏப்ரல் 23, பெரிய வெள்ளியன்று டப்ளின் அருகே குளோண்டார்ஃப் போரில் அவர் படை வென்றது, அவரோ கொல்லப்பட்டார். பேரன் காலத்தில் அவர் பெயர் குடும்பப் பெயரானது. நம் அடையாள அட்டையில் தந்தை பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அங்கே ஆயிரம் ஆண்டுகளாக அதே தாத்தாதான்!

1543இல் முர்ரோ ஓ’பிரையன் தன் அரச பட்டத்தை விட்டு, இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியிடம் பிரபு பட்டம் பெற்றார். பிறகு ஆங்கில ஆதிக்கம் இறுகியபோது பல குடும்பங்கள் ‘ஓ’வையும் ‘மேக்’கையும் கைவிட்டன. ஓ’கெல்லி வெறும் கெல்லியானார். 1893இல் தொடங்கிய கேலிக் லீக் ஐரிஷ் மொழிக்கு மறுவாழ்வு தேடிய காலத்தில், பலர் அந்த ‘ஓ’வை மீண்டும் சேர்த்துக்கொண்டனர்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது பெண்களின் பெயர். ஐரிஷில் அண்ணன் ‘ஓ பிரீயன்’ என்றால் தங்கை ‘நீ வ்ரீயன்’. ‘நீ’ என்பது ‘வழித்தோன்றலின் மகள்’ என்பதன் சுருக்கம்; அதன்பின் ‘ப’ ஒலியும் ‘வ’ ஆகிறது. மணமான பெண் கணவர் பெயரை ஏற்றால் ‘ஈ வ்ரீயன்’. ஆங்கிலத்தில் எழுதும்போது மூவருமே ஓ’பிரையன். அதாவது, மகளும் மருமகளும்கூடப் ‘பேரன்’ ஆகிவிடுகிறார்கள்!

இன்றும் ஐரிஷ் வடிவத்தையே விரும்பி எழுதும் பெண்கள் அயர்லாந்தில் உண்டு. உங்கள் அலுவலகத்துக்கு ஐரிஷ் பெயருள்ள ஒருவர் வந்தால், பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். அந்த ‘ஓ’வை மட்டும் விழுங்கிவிடாதீர்கள், இழந்து மீட்ட எழுத்து அது.