தெரு, சேரி, காலனி, பாதை: நான்கு சொற்களும் ஒரு வரைபடமும்

மனிதர் நடக்கும் வழிக்குத் தமிழில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. தெரு, வீதி, சாலை, சந்து, முடுக்கு, பாதை என அவை நீள்கின்றன. அகராதியைக் கேட்டால், அகலத்தையும் பயனையும் வைத்து வேறுபடுத்திச் சொல்லும். ஊரைக் கேட்டால் வேறொரு விடை கிடைக்கும். தேர் ஓடுவது ரத வீதி. கோயில் மதிலைச் சுற்றுவது மாட வீதி. அதற்கு வெளியே சாதிக்கொரு தெரு. எல்லாவற்றையும் தாண்டி, வயலுக்கோ ஓடைக்கோ அப்பால் இருப்பது 'காலனி'. ஊருக்குள் ஒவ்வொரு தெருவுக்கும் தனிப்பெயர் உண்டு. காலனிக்குள் ஐந்து தெரு இருந்தாலும் அனைத்துக்கும் சேர்த்து அந்த ஒற்றைச் சொல்தான்.

இந்த இடத்தில் முன்பு இருந்த சொல் 'சேரி'. அது இழிசொல்லாகப் பிறக்கவில்லை. சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பொருள். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஒரு பிராமண ஊரின் நிர்வாகத்தைப் பேசுகிறது. அவ்வூரில் 30 குடும்புகளும் 12 சேரிகளும் இருந்தன. அதாவது, பார்ப்பனர் வாழ்ந்த பகுதிகளும் சேரிகளே. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் பொறிக்கப்பட்ட இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளிலோ கம்மாணச்சேரி, பறைச்சேரி ஆகியவற்றோடு 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் வருகிறது. வரி நீங்கிய நிலங்களின் பட்டியலில், குளம், சுடுகாடு போன்றவற்றுக்கு இடையே, எந்தப் பதற்றமும் இன்றி அது எழுதப்பட்டிருக்கிறது. தீண்டாமை அன்றைக்கே நிலக்கணக்கின் ஒரு வகைப்பாடாகிவிட்டது. காலப்போக்கில் பிறர் அனைவரும் 'சேரி'யைக் கைவிட்டனர். கைவிட முடியாதவர்களிடம் அது தங்கிவிட்டது.

'காலனி' வந்தது இருபதாம் நூற்றாண்டில். அரசு மனை ஒதுக்கி, தொகுப்பு வீடு கட்டித்தந்த இடங்களுக்கு 'அரிசன காலனி' என்றும் பின்னர் 'ஆதிதிராவிடர் காலனி' என்றும் பெயரிடப்பட்டது. நகரத்தில் 'பேங்க் காலனி', 'ஆபீசர்ஸ் காலனி' என்று முகவரி எழுதுவோர் பெருமையோடுதான் எழுதுகின்றனர். கிராமத்தில் 'காலனிக்காரன்' என்பது வசை. ஒரே சொல்தான், யார் குடியிருக்கிறார்கள் என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது. ஆகவே சொல்லில் குற்றம் தேடுவது பாதி வேலை மட்டுமே என்பது நம் கருத்து.

மீதிப் பாதி, நடக்கும் உரிமை. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எவரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளங்களை எவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அவ்வாண்டே அது அரசாணையுமானது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய சாலைகளுக்காகப் போராட்டம் நடந்ததும் அதே ஆண்டுதான். பின்னர் அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் உறுப்பு, சாலைகளைப் பயன்படுத்துவதில் சாதித் தடை கூடாது என்றது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், சாலையையோ பாதையையோ பயன்படுத்தவிடாமல் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக வெளிப்படையாகச் சேர்த்தது. 1924இல் கேட்டதற்கு 2015இல் மீண்டும் சட்டம் எழுத வேண்டியிருந்தது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வழக்கு மன்றத்தில் இவை அனைத்தையும்விட அதிகம் எடைபோடப்படும் சொல் 'பாதை'. வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டிலும் புலப்படத்திலும் 'வண்டிப்பாதை', 'மயானப் பாதை' என்று பதிவாகியிருந்தால் அது பொதுவழி, மறிப்பவர் ஆக்கிரமிப்பாளர். பதிவாகாமல், தலைமுறைகளாகக் கால் பட்டுத் தேய்ந்த வழியாக மட்டும் இருந்தால், பட்டாதாரர் வேலியிட்டவுடன் வழக்கத்தை நிறுவும் சுமை நம்மீது விழும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் தலித் ஒருவரின் உடல் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கப்பட்டதை நாடே பார்த்தது. ஆற்றங்கரைக்குச் செல்லும் வழி பிறரது பட்டா நிலத்தின் ஊடே இருந்தது; அது மறிக்கப்பட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. அங்கே இல்லாமற்போனது வரைபடத்தில் ஒரு கோடு.

இந்தப் பின்னணியில்தான் பெயர்மாற்றங்களை எடைபோட வேண்டும். 2020 டிசம்பரில் மகாராட்டிர அமைச்சரவை, மகர்வாடா, மாங்வாடா போன்ற பெயர்களை நீக்கி சமதா நகர், பீம் நகர் போன்றவற்றைச் சூட்ட முடிவெடுத்தது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 29 அன்று, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' நீக்கப்படும் என முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில், குடியிருப்புகள், தெருக்கள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை நீக்க அரசாணை வந்தது. இவற்றை நாம் வரவேற்கிறோம். வேலைக்கான விண்ணப்பத்தில் முகவரி எழுதும்போதே சாதியையும் எழுத நேரும் இளைஞருக்கு இது சிறிய செய்தியல்ல.

ஆனால் 'அம்பேத்கர் நகர்' என்று கேட்டவுடன் அது எந்தப் பகுதி என்று எந்த ஊரிலும் விளக்க வேண்டியதில்லை. தலைவரின் பெயரே முகவரிக்குறியாகிவிட்டது. மலர்ப் பெயர்கள் சூட்டினாலும், பிரித்துச் சூட்டினால் இதுவே நடக்கும். எனவே கிராம சபையில் நாம் கேட்க வேண்டியது அழகிய பெயரை அன்று. ஊர்ப்பகுதியில் தொடங்கும் சாலை நம் குடியிருப்புக்குள்ளும் தொடர்கிறதெனில், அது முழுவதற்கும் ஒரே பெயரும் தொடர் கதவு எண்களும் வேண்டும். பெரும்பாலான ஊர்களில் எதிர்ப்பு எழும் இடம் இதுவாகவே இருக்கும். 'காலனி' என்ற சொல்லை எடுக்க எவரும் சண்டையிட மாட்டார்கள்.

இன்னொன்று. பெயர் மாறும் நாளுக்கு முன், பழைய பெயரில் உள்ள பட்டா, ஒப்படை ஆணை, சாதிச் சான்றிதழ், வரி ரசீது ஆகியவற்றின் நகல்களைப் பத்திரப்படுத்துங்கள். பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே இடத்தைக் குறிப்பவை என்று ஊராட்சித் தீர்மானத்தில் புல எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். அத்துடன், மயானத்துக்கும் குளத்துக்கும் நாம் செல்லும் வழி புலப்படத்தில் உள்ளதா என்று அன்றே பாருங்கள். இல்லையெனில், பெயர்மாற்றத் தீர்மானம் நிறைவேறும் அதே கூட்டத்தில், அவ்வழியை அளந்து பொதுப்பாதையாகப் பதிவதற்கான தீர்மானத்தையும் எழுத்தில் முன்வையுங்கள்.